இருநூறு மில்லிசெகண்ட் தூக்கம்

சிவப்பில் ஒரே ஒரு வரி. பச்சையில் ஒன்றுமே இல்லை. எடுப்பதைச் சிவப்பிலும் சேர்ப்பதைப் பச்சையிலும் காட்டுவது மென்பொருளைத் திருத்துகிற இந்த வேலையின் வழக்கம். வெறும் சிவப்பு மட்டும் வந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தோஷம், பழைய சாமானை எடைக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பின மாதிரி. பியூலாவுக்கும் அந்தச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. காலையில் முதல் ஆராதனை முடிந்து வந்து, குக்கரில் கறியை ஏற்றிவிட்டு மாடியில் வந்து உட்கார்ந்தவள் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கம்ப்யூட்டரின் அடியாழத்தில் இருந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் ஓட்டுகிற மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். அதில் திரையை எழுப்புகிற பகுதியில் பல வருஷமாகக் கிடக்கிற வரி அது. திரைக்கு மின்சாரம் கொடு. பிறகு தூங்கு, இருநூறு மில்லிசெகண்ட். பிறகு திரையைக் கூப்பிடு. காத்திரு என்று இல்லை, தூங்கு என்றேதான் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தத் தூக்கம் வேண்டாம் என்கிறார் இந்த மாற்றத்தை எழுதி அனுப்பியிருக்கிற நீல்ஸ். நார்வேயோ ஸ்வீடனோ, எந்த ஊர்க்காரரோ, மரியாதையாக எழுதியிருக்கிறார்: இந்த வரி ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, வெறும் நம்பிக்கையில் நிற்கிறது, எடுத்துவிட்டு என் மடிக்கணினியை ஐம்பது தடவை மூடித் திறந்தேன், ஐம்பது தடவையும் திரை வந்தது. நியாயம்தான். இருநூறு மில்லிசெகண்ட் என்றால் ஓர் இமைப்பு. ஆனால் உலகத்தில் எத்தனை கோடி மடிக்கணினி, ஒவ்வொன்றையும் நாளைக்கு எத்தனை பேர் எத்தனை தடவை திறக்கிறார்கள், அத்தனை இமைப்பையும் ஒன்றாகக் கூட்டினால் எத்தனை ஆயுள் அதில் போகிறது. நினைத்தால் தலை சுற்றுகிறது. ஒரு வரியைப் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து எடுத்தால் அவ்வளவு ஆயுளும் ஜனங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். இந்த வேலைக்கு வந்த புதிதில் இதை நினைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் வராமல் போனது. இன்னும் அந்தப் பிரமிப்பு போகவில்லை, வயது நாற்பத்தாறு ஆகியும்.

ஒரு மாற்றம், அவர்கள் பாஷையில் ஒரு பேட்ச், உள்ளே போக வேண்டுமென்றால் அதன் அடியில் பெயர்கள் விழ வேண்டும். எழுதியவர் பெயர், படித்துப் பார்த்துச் சரி என்றவர் பெயர், தன் மெஷினில் ஓட்டிச் சோதித்தவர் பெயர். ஒருமுறை விழுந்துவிட்டால் பிறகு யாரும் அழிக்க முடியாது. பியூலாவின் பெயர் அப்படி நிறைய இடத்தில் கிடக்கிறது, இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கல்யாண ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது நிற்கிற மாதிரி கை கொஞ்சம் நிற்கும். இன்றைக்கு ரொம்பவே நிற்கிறது. இந்தத் தூக்கத்தை யார் கொண்டுவந்து வைத்தது என்று பழைய வரலாற்றைத் தோண்டிப் பார்த்தாள். மரேக் என்று ஒருவர். காரணம் ஒரே வாக்கியம்: சில திரைகள் எழுந்திருக்க நேரம் எடுக்கின்றன. எந்தத் திரை, எவ்வளவு நேரம், எப்போது, ஒன்றும் இல்லை. கடன்காரா, இன்னும் ரெண்டு வரி எழுதினால் கை தேய்ந்தா போயிருக்கும்? அவருக்கு ஒரு மெயில் போட்டாள், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. மரேக்கின் பெயருக்குக் கீழே சோதித்தவர் என்று ஹான்னா என்ற ஒரு பெண் பெயர். இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். மனைவியாக இருக்கும், இல்லையென்றால் அக்கா தங்கை, அம்மா. வரலாறு முழுக்கத் தேடிப் பார்த்தாள், ஹான்னா வேறு எங்கேயும் இல்லை. அந்த ஒரே ஒரு வரிக்கு மட்டும் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். யாரம்மா நீ? உன் திரைதான் எழுந்திருக்கவில்லையா? நீ ஒருத்தி இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்பதற்காகவா இத்தனை வருஷமாக உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் ஓர் இமைப்பு தூங்கி எழுந்திருக்கிறது? பியூலாவுக்குக் கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது. ஆராதனையில் பாடல்குழு திடீரென்று நிறுத்தும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. "குக்கரை அணைச்சிட்டேன். மூணு விசில் எண்ணித்தான் அணைச்சேன்." ஞானதாஸ் கீழே ஹாலில் இருந்து பேசுகிறார். அவளுடைய கணவர், கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து போன வருஷம் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்ட மனிதர். பழைய மடிக்கணினி ஒன்றில் டைப் அடிப்பார், எதிரே இருக்கிறவர்கள் அதன் திரையில் படித்துக்கொள்வார்கள், என்டர் தட்டினால் அதே வரி மாடியில் பியூலாவின் திரை மூலைக்கும் வரும். ஹாலில் இருந்து மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட முடியாதவருக்கு அவள் எழுதிக் கொடுத்த சின்ன ஏற்பாடு. போனில் தட்டினால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. அவர் விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் பருமன், போனில் ஓர் எழுத்துக்கு மூன்று எழுத்து விழும். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவியை ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, சவத்த விடு, மாவு மில் ஓடுத மாதிரி இருக்கு என்று எழுதிக் காட்டிவிட்டார். அவருக்காக வாங்கின புதுக் கம்ப்யூட்டர் பீரோவுக்குள் பெட்டியோடு இருக்கிறது, அதில் கீ எல்லாம் தட்டையாம், விரலுக்கு எதிர்த்துப் பேசவில்லையாம். பழையதைத்தான் விடமாட்டார். அதை மூடக்கூட மாட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் அது திறந்தபடியே ஹால் மேஜையில் இருக்கிறது. மூடினா திரும்ப வருமோ வராதோ என்று ஒருநாள் கேட்டார், அவள் சிரித்துவிட்டாள், ஏங்க நான் இத்தனை வருஷம் செய்யுத வேலையே அதுதானே என்றாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்து நெஞ்சில் கொஞ்சம் குத்தியது.

அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருக்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். யாருக்கும் அது முடிகிறதில்லை. அவள் தம்பியே மாமா என்று ஆசையாக வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பான், அவர் விரலை எடுத்து வைப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். பாதி வார்த்தையில் அவர் நிறுத்திவிட்டுச் சும்மா சிரிப்பார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பொறுக்க முடியாதா இந்த ஜனங்களால்? இல்லை, இதைக் கொண்டுபோய் அதோடு சேர்க்கக் கூடாது, நீல்ஸ் பாவம், நீல்ஸுக்கும் தம்பிக்கும் என்ன சம்பந்தம், இது மின்சாரம், அது மரியாதை. போன் அடித்தது. பெங்களூரில் இருந்து ஜனார்த்தனன், எல்லாருடைய மாற்றங்களையும் சேகரித்து மேலே அனுப்புகிறவன். "மேடம், அந்த ஒத்த வரி பேட்ச் பார்த்தாச்சா? இன்னைக்கு சாயங்காலம் கட்டி அனுப்பணும். உங்க பேர் மட்டும்தான் பாக்கி." "பார்த்துக்கிட்டே இருக்கேன், ஜனா." "ஒத்த வரி மேடம்." "ஒத்த வரிதான்." "வேண்டாம்னா சொல்லிடுங்க, ஆனா கையில காரணம் வேணும். மனசுக்குச் சரியா படலைன்னு எழுதினா நீல்ஸ் ஒத்துக்க மாட்டார், நானும் ஒத்துக்க மாட்டேன்." அவன் சொன்னதில் தப்பில்லை. அவளே எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். போனை வைத்துவிட்டு மரேக்கின் காலத்து மடிக்கணினிகளில் என்ன திரை இருந்தது என்று தேட ஆரம்பித்தாள், தேடின வேகத்தில் ஒரு மாடல் எண் வந்து நின்றது, அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள், பிறகு எங்கே என்று தெரிந்தது. கீழே ஹால் மேஜையில் இருப்பது அதே திரை.

அவள் இறங்கிப் போனபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். உங்க கம்ப்யூட்டர்ல அந்த வரி இல்லாத புதுக் கர்னலைப் போட்டு ஒருதடவை மூடித் திறந்து பார்க்கணும், திரை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், வரலைன்னா பழசைத் திரும்பப் போட்டுடுவேன், ஆனா அதுவரைக்கும் நீங்க பேச முடியாது. அவர் அவளையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டைப் அடித்தார். "சவத்த போடு. ஒரு மத்தியானம் பேசாட்டா நான் என்ன செத்தா போயிருவேன்." எழுதியதைத் தானே படித்துப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்புக்கு இன்னும் அவள் பழகவில்லை. புதியதை ஏற்றி அணைத்துப் போட்டாள், திரை வந்தது. அது கணக்கில் சேராது, பொத்தானை அமுக்கி எழுப்பும்போது கர்னல் வருவதற்கு முன்னாலேயே மெஷினின் சொந்த மென்பொருள் திரையை ஏற்றிவிடும். மூடித் திறந்தால்தான் கர்னலே தன் கையால் எழுப்ப வேண்டும். மூடினாள். அவர் கை தானாக மேஜைப் பக்கம் வந்து, வேண்டாம் என்று திரும்பிப் போனது. திறந்தாள். திரை வந்தது. ஒரு தடங்கலும் இல்லை, முன்னைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பாகக்கூட வந்தது. மறுபடி மூடித் திறந்தாள், மறுபடி வந்தது. அவ்வளவுதான், நீல்ஸ் சரி, மரேக்கும் ஹான்னாவும் ஏதோ பழைய காலத்து ஆட்கள், பெயரைப் போட்டுவிடலாம் என்று மாடிப்படியில் காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் கரண்ட் அந்த நிமிஷம்தான் போயிருந்தது, மாடியில் அவள் கம்ப்யூட்டரும் வலையும் யூ.பி.எஸ்ஸில் ஓடும், கீழே மடிக்கணினிக்கு அதன் பேட்டரி. நிறுத்தப்பட்ட விசிறி கடைசிச் சுற்றுகளை மெதுவாகச் சுற்றி முடித்துக்கொண்டிருந்தது. இந்த நேரம் கரண்ட் வந்தால் அது உடனே வேகம் எடுத்துவிடும், ஒரேயடியாக நின்ற விசிறிதான் யோசித்து யோசித்துக் கிளம்பும். திரையும் அப்படித்தானே. மூடின உடனே திறந்தால் அதன் உள்ளே மின்சாரம் இன்னும் மிச்சமிருக்கும், சூடு மிச்சமிருக்கும், அது தூங்கியே இருக்காது. ஐம்பது தடவை மூடித் திறந்தேன் என்றாரே நீல்ஸ், ஐம்பதையும் ஒரே இருப்பில் படபடவென்று செய்திருப்பார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், அவளும் இப்போது அதையேதான் செய்தாள். கம்ப்யூட்டரை எழுப்பிப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்களுக்கு அதைத் தூங்கவிடப் பொறுமை கிடையாது. வீட்டில் இருக்கிற சாதாரண ஜனங்கள் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள், சந்தைக்குப் போவார்கள், தூங்கி எழுந்து வருவார்கள். ஹான்னாவும் அப்படி மூடிவிட்டுப் போனவளாகத்தான் இருக்க வேண்டும். பியூலா திரும்பி வந்து கணவரைப் பார்த்தாள். "ஏங்க, இன்னொரு தடவை. இப்ப மூடி வச்சிட்டு நாம சாப்பிட்டு வருவோம்." அவர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அவரே மூடினார், குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி இரண்டு கையாலும்.

சாப்பாட்டு மேஜையில் சத்தமே இல்லை. மற்ற நாளில் அவர் கம்ப்யூட்டரைத் தட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து வைத்து, ஒரு வாய்க்கு ஒரு வரி பேசுவார், இடது கையாலேயே அடிப்பார். முடிந்ததும் தவறாமல் "நல்லா இருக்கு" என்று வரும். இன்றைக்கு எதுவும் இல்லை. கறியை அள்ளிப் போட்டபோது போதும் என்று கையைக் காட்டினார், கொஞ்சம் கழித்து ரசத்துக்குக் கையைக் காட்டினார். கழுத்தில் துணி மூடின துவாரத்தின் வழியாக மூச்சு போய்வருவது கேட்டது. ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர் பெண், தூங்குங்க சார், எழுந்திருச்சதும் பார்க்கலாம் என்று சொன்னாள். பேசாத ஞானதாஸாகத்தான் எழுந்திருப்பார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அன்றைக்கு வாசலில் இவள் எவ்வளவு நேரம் காத்திருந்தாள், மதியம் வந்து போய் விளக்கு வைக்கிற நேரமும் வந்தது, எழுந்திருக்கிறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்குது, சிலருக்கு அப்படித்தான் என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். சிலருக்கு அப்படித்தான். சில திரைகள் எழுந்திருக்க நேரம் எடுக்கின்றன. பியூலாவின் கையில் சோறு அப்படியே நின்றது. பத்து லட்சம் புள்ளிகள், மேலே இடது மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக, ஒரு நொடிக்கு அறுபது தடவை அத்தனையையும் முதலில் இருந்து வரைந்துகொண்டே இருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர், அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், அவர் "ம்" என்று ஒற்றை எழுத்து அடிக்கும்போதும். கடைசி வரிசை முடிந்து முதல் வரிசை தொடங்குவதற்கு நடுவே துளி இடைவெளி உண்டு, மாற்ற வேண்டியதையெல்லாம் அந்த இடைவெளிக்குள் மாற்றிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. அவர் பேச்சு அவ்வளவு வேலைக்கு மேலே ஏறி அவளிடம் வருகிறது. முகமே தெரியாத எத்தனை பேருடைய ராத்திரி பகல் அதில் கிடக்கிறது. ஒரு மனிதனின் ஒரு "நல்லா இருக்கு" வெளியே வர எத்தனை நாட்டு ஆட்கள். அந்த நினைப்பில் அவளுக்குப் புரையேறியது, ரசத்தின் காரம் என்று நினைத்து அவர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கை கழுவிவிட்டு வந்து அவரே திறந்தார். திரை கறுப்பாக இருந்தது. பியூலா மனதுக்குள் எண்ணினாள், விட்டுவிட்டு மறுபடி எண்ணினாள், கறுப்பு கறுப்பாகவே இருந்தது. விசைப்பலகையில் பெரிய எழுத்துக்கான பச்சை விளக்கு மட்டும் அவர் தட்டினபோது எரிந்து, மறுபடி தட்டினபோது அணைந்தது. உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. அவர் அவளைப் பார்த்தார். அவருக்கு முகம் வெளுத்திருந்தது, வெளுத்ததைக் காட்டக் கூடாது என்று உதட்டை மடித்து வைத்திருந்தார். "இருங்க, மேல போய் என்னன்னு பார்த்துட்டு வந்துருதேன், ரெண்டு நிமிஷம்" என்று அவள் படியேறி ஓடினாள். மாடியில் இருந்து வலைவழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தாள், அது தானாகவே எழுதி வைக்கிற குறிப்பில் தெளிவாக இருந்தது: திரையைக் கூப்பிட்டேன், பதில் இல்லை, கூப்பிட்டேன், பதில் இல்லை, விட்டுவிட்டேன். காரணம் கிடைத்துவிட்டது. கையில் பிடித்துக் காட்டலாம் போல அவ்வளவு தெளிவான காரணம். மரேக், நீ சரி. ஹான்னா, நீ சரி. அவள் பதில் எழுத விரலை வைத்தபோது திரையின் மூலையில் கட்டம் எழுந்தது.

"பியூலா. நான் பேசுதது கேக்குதா." அவள் கை நின்றது. கீழே அவர் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாமல் அடிக்கிறார். ஓர் எழுத்து தப்பவில்லை. கோர்ட்டில் வக்கீல் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்த கை. கேக்குது என்று இங்கிருந்தே சத்தம் போட வாயெடுத்தாள், அதற்குள் அடுத்த வரி. "கேக்காதுன்னு நெனைக்கேன். பரவால்ல. கறி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு அப்புறம் எந்த மணமும் வரல. மூக்கு வழியா மூச்சு போகலல்லா. நீ கஷ்டப்பட்டு வைக்கேன்னு நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு அடிச்சேன்." பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கட்டம் வருவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவள் காத்திருந்தாள், அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். "ஆஸ்பத்திரியில முழிச்சப்பம் இப்படித்தான் இருந்துச்சு. எல்லாம் தெரியுது. நீ நிக்க, நர்ஸ் நிக்கா. உன்னைக் கூப்பிட்டேன். உள்ள கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நீ சன்னல் பக்கமா பார்த்துக்கிட்டு நின்ன. திரும்பவே இல்ல. நான் செத்துட்டேன்னு நெனைச்சேன்."

அவள் எழுந்து படிக்குப் போய் நின்றாள். அங்கிருந்து அவருடைய முதுகு தெரிந்தது, கறுப்புத் திரைக்கு நேரே நிமிர்ந்து, விரல்களை எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு. இந்த மனிதருக்குள் இவ்வளவும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு வருஷமாக, ஒரு விநாடிகூட நிற்காமல், பக்கத்திலேயே படுத்திருந்தவளுக்கு ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரியதாக இன்னொன்றும் இருந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை, கும்பிடத் தோன்றியது. "கேக்குதுங்க" என்றாள். அவர் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது, ஆனால் திரும்பவில்லை. "எல்லாம் கேட்டுச்சு. மேல என் கம்ப்யூட்டர்ல வருது." விரல்கள் அசையவில்லை. பிறகு அசைந்தன. அவள் உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தாள். "எல்லாமுமா." "எல்லாம்." "சரி. சவத்த விடு." அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சிரித்தாள், கீழே அவருக்குக் கேட்கட்டும் என்று. "முதல்ல உங்க திரையைச் சரி பண்ணிரட்டா, இல்ல இந்தப் பதிலை எழுதிரட்டா?" "பதிலை எழுது. நான் இருக்கேன்."

அவள் எழுதினாள். இந்த வரியை எடுக்க வேண்டாம். மூடின உடனே திறந்தால் தெரியாது. மூடிவிட்டு ஒருவேளைச் சாப்பாடு சாப்பிட்டு வந்து திறந்தால் இந்த மாடல் திரை எழுந்திருப்பதில்லை. எந்தத் திரை, என்ன குறிப்பு, எவ்வளவு நேரம் என்று மரேக் எழுதாமல் விட்டதையெல்லாம் வரிவரியாக எழுதினாள், இன்னும் இருபது வருஷம் கழித்து இன்னொருத்தர் வந்து தோண்டினால் திட்டக் கூடாது. அந்தத் தூக்கத்துக்கு மேலே குறிப்பாகச் சேர்க்கும்படி இதையே ஒரு மாற்றமாகவும் செய்து வைத்தாள்; வெறும் பச்சை, சிவப்பு ஒன்றும் இல்லை. எழுதியவர் இடத்தில் தன் பெயரைப் போட்டாள். அதற்குக் கீழே கை வந்து நின்றபோது படியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏங்க, சோதிச்சது நீங்கதானே, உங்க பேரைப் போடப் போறேன். உலகம் இருக்கிற வரைக்கும் அதுல இருக்கும், யாரும் எடுக்க முடியாது. போடட்டா?" கரண்ட் வந்து ஹால் மின்விசிறி மெதுவாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது எழுந்தது.

"போடு. இனிஷியலை விட்டுராத."